இலவச வைத்தியத்துக்கு ஒரு நாள் பேர்: சுகாதார அமைச்சருக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த காசில் படித்து வந்தவள். பெருந்தோட்ட அமைச்சருக்கோ தொழில் அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து மக்களின் நோயைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அது சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, காணிப் பிரச்சினை என்று சொல்லி அடுத்த அமைச்சின் வாசலைக் காட்டிவிடுகிறார்கள். வருத்தம் முற்றிய பிறகு அந்த மக்கள் வந்து படுப்பது உங்கள் வாட்டில்தான். அதனால் முதலில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் கையில் இருக்கும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களை மட்டும் எடுத்தால் 32 பேர். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின அளவீட்டில் வறுமை நாட்டுக்கு 14.3 சதவீதம், தோட்டத்துறைக்கு 33.8 சதவீதம். இரண்டு அளவீட்டையும் எடுத்தது ஒரே திணைக்களம், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். வறுமையும் இரண்டு மடங்குக்கு மேல், குட்டையான பிள்ளைகளும் இரண்டு மடங்குக்குக் கிட்ட. இதைத் தற்செயல் என்று யாரும் சொல்லமுடியாது.

உயரம் குறைவது ஒரு வாரத்துப் பட்டினியில் வருவதல்ல. தாயின் வயிற்றில் இருந்த காலம் தொடங்கி இரண்டு வயதுவரை, நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்காமல் போனதெல்லாம் சேர்ந்து வருவது. அடிக்கடி வயிற்றோட்டம் வந்து, சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாமல் போனதும் அதில் சேர்த்தி. முதலாம் ஆண்டுக்கு வந்து சேரும் பிள்ளைகளில் சிலர் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நிலத்தில் முட்டாது. முன் வரிசையில் நிறுத்தவேண்டிய பிள்ளைகள் அதிகமாகிப் போவதால் காலைக் கூட்டத்தில் வரிசை பிரிப்பதே சிரமம். அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. நானும் மதிய உணவுத் திட்டமும் சேர்ந்து என்ன செய்தாலும் அந்த உயரம் முழுவதுமாகத் திரும்பாது.

தோட்டங்களில் வாழ்பவர்கள் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேர். நான்கு பேருடைய நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தாலும் நூறு பேருடைய சராசரி பெரிதாக அசையாது. தாய்மார் மரணத்தைக் குறைத்த நாடு, தடுப்பூசியில் முன்னணியில் நிற்கும் நாடு, மலேரியாவை ஒழித்து 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்ற நாடு என்று இலங்கையைப் பற்றி வெளிநாட்டார் எழுதுவதெல்லாம் உண்மை. எனக்கும் அதில் பெருமைதான். மழையில் நனைந்து, அட்டை கடிக்க, லயம் லயமாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்களை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி தவறாமல் கிடைப்பது அவர்களால்தான். அரசு மனம் வைத்தால் கடைசி லயம்வரை போகமுடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஊசி ஏறிய அந்த மலைக்கு மற்றவை ஏன் ஏறவில்லை என்பதுதான் என் கேள்வி.

எங்களுக்கும் வைத்தியம் இலவசம் என்று நீங்கள் சொல்வீர்கள். சட்டப்படி அது சரி. நடைமுறையில் அந்த இலவச வைத்தியத்துக்கு எங்கள் மக்கள் கொடுக்கும் விலை ஒரு நாள் பேர்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்றுதான் சொல்வோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, குறித்த கிலோ கொழுந்தைப் பறித்து நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் கிளினிக்குக்குப் போனால் அவருக்கு லீவு குறையும், சம்பளம் குறையாது. கொழுந்து பறிக்கும் பெண் போனால் அன்றைய கூலி முழுவதும் போய்விடும். அதற்கு மேல் ஓட்டோவுக்குக் காசு, கூடப்போகும் ஆளுக்கும் ஒரு பேர் நட்டம், வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் பாமசியில் வாங்கக் காசு. நீரிழிவோ பிரஷரோ இருந்தால் இது மாதாமாதம் வரும் செலவு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எங்கள் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வரவுக்கான ஊக்குவிப்பாக அரசு 200 ரூபாய் சேர்த்து, 1,750 ரூபாய் கொடுப்பதாக உங்கள் அரசாங்கம் அறிவித்தது. அந்த உயர்வை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரவோடு கட்டிப்போட்ட சம்பளம் கூடக் கூட, வருத்தம் வந்த நாளின் நட்டமும் கூடுகிறது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கொடுப்பனவு என்று 60 ரூபாய் இருந்தது. மாதத்தின் வேலை நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்தவர்களுக்குத்தான் அது. காய்ச்சலில் படுத்தவளுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளுக்கும் அது கைக்கு வரவில்லை. நோயைத் தண்டிக்கும் சம்பள முறை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. மறுபடியும் அதே வழியில் அரசின் பணம் போகக்கூடாது.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி. ஓய்வு பெறும் வயதிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளைச் சின்னக் கடதாசி உறைகளோடு என்னிடம் கொண்டுவருவார். உறையில் எழுதியிருப்பது சிங்களத்தில். "டீச்சர், இதுல எது காலையில, எது அந்திக்கு?" என்று கேட்பார். நான் படித்துப் பார்த்து, காலைக்கானதில் ஒரு சூரியனும் இரவுக்கானதில் ஒரு நிலாவும் பேனையால் வரைந்து கொடுப்பேன். ஒருநாள் உறைகள் வரவில்லை. கேட்டால், "கொழுந்து நல்லா வர்ற மாசம் டீச்சர், கிளினிக்குக்குப் போனா பேரு போயிரும். அடுத்த மாசம் போறேன்" என்றார். அடுத்த மாதமும் கொழுந்துதான். பிறகு ஒரு காலையில் வாய் ஒரு பக்கம் இழுத்து, கை விழுந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் இப்போது அவரைப் பார்க்க வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் என் மாணவி. ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்டாள்.

இந்தப் பாட்டிக்குப் பிரஷர் என்று தெரியாமல் இல்லை. மாத்திரையின் அருமை தெரியாமலும் இல்லை. மலையகத்துக்கு என்று வரும்போதெல்லாம் விழிப்புணர்வுக் கருத்தரங்கு, விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் என்று திட்டம் போடுபவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று பலநாள் ஆசை. எங்கள் பெண்களிடம் குறைந்திருப்பது அறிவு அல்ல. கிளினிக்குக்குப் போக ஒரு நாள் இல்லை.

சாராயத்தைப் பற்றி நீங்கள் கேட்கலாம். வெற்றிலை, புகையிலையைப் பற்றியும் கேட்கலாம். வாய்ப்புற்று எங்கள் பக்கம் வருகிறது, குடியால் குடும்பங்கள் அழிகின்றன, அடிபடுவது பெண்கள். நான் எதையும் மூடி மறைக்கவில்லை. ஆனால் குளிரில் நாள் முழுக்க நின்றுகொண்டு, பசி எடுக்காமலிருக்க வெற்றிலையை அடக்கிக்கொள்ளும் பெண்ணிடம் "போடாதே" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்காமல் திரும்பும் சுகாதாரக் கல்வியால் பயன் இல்லை. தோட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தியசாலை இல்லாத இடங்களிலும் தவறணை இருக்கிறது. அதற்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது எங்கள் மக்கள் அல்ல.

மலையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அமைச்சு அலுவலகத்திலிருந்து பார்த்தால் அது பசுமையாகத்தான் தெரியும். மலையில் கழிவறை இல்லை. காலை ஏழரை மணிக்கு ஏறும் பெண், ஆண் கங்காணியும் மற்றவர்களும் சுற்றி நிற்கும் இடத்தில் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். வந்தாலும் அடக்கிக்கொள்வாள். மாதவிடாய் நாட்களில் துணியை மாற்றாமல் மழையில் நிற்பாள். சிறுநீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எங்கள் பெண்கள் சொல்வதன் காரணத்தை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. அந்த மலையில் ஒரு நாள் நின்றால் போதும்.

பிறகு குளவி. மலையகச் செய்தி வாசிக்கும் எவருக்கும் குளவிக்கொட்டுச் செய்தி புதிதல்ல: இத்தனை பேர் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில், ஒருவர் உயிரிழப்பு. புல்லு வெட்டாமல் காடாகிப்போன மலையில், மரத்திலும் தேயிலைத் தூரிலும் கூடு கட்டியிருப்பது கைபட்ட பிறகுதான் தெரியும். தலையில் மாட்டிய கூடையோடு சரிவில் ஓடவும் முடியாது. ஒவ்வாமை உள்ள உடம்பு என்றால் சில நிமிடங்களில் தொண்டை வீங்கி, பிரஷர் விழுந்துவிடும். அந்த நேரத்தில் வேண்டியது ஓர் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஒரு கையும். ஆதார வைத்தியசாலையில் அது இருக்கிறது. மலையிலிருந்து அங்கே போகக் குழி விழுந்த தோட்டத்துப் பாதையில் எவ்வளவு நேரமாகும் என்பதை ஓட்டோக்காரர் யாரையாவது கேளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் அருமையான சேவை. ஆனால் அந்த அம்புலன்ஸ் மேல் டிவிசன் லயத்துக்கு ஏறிவரப் பாதை வேண்டுமே. கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை இறங்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த வைத்தியசாலையைப் போல இன்னும் சில வந்தாலும், கடைசி நான்கு கிலோமீற்றர் அப்படியே கிடந்தால் உயிர் அந்த நான்கு கிலோமீற்றரில்தான் போகும்.

இந்தப் பாதை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் சட்டத்துக்குள் போகவேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ கழிவறை கட்டவோ பிரதேச சபைக்குக் கை கட்டியிருந்தது. தோட்டம் கம்பனியின் நிர்வாகத்தில் இருக்கும் இடம், ஊர் அல்ல என்பதே அதன் அர்த்தம். அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள், எங்கள் மக்களும் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, எங்கள் லயத்து வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

லயத்துக்குள் வந்து பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்று, முன்னால் சின்ன விறாந்தை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஒருவருக்குக் காசநோய் வந்தால் அதே காம்பராவில் படுக்கும் பிள்ளையை எங்கே மாற்றிப் படுக்கவைப்பது? விறகு அடுப்புப் புகை போக வழியில்லாமல் கூரைத் தகரத்தைக் கறுப்பாக்கி, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கிழவிகளின் இருமலுக்கும் பிள்ளைகளின் இழுப்புக்கும் பாதிக் காரணம் அதுதான். புகைபோக்கி வைத்துக் கட்டலாமே என்றால், காம்பரா அவர்களுடையது அல்ல. சொந்தச் செலவில் ஒரு கழிவறை கட்டுவதென்றாலும் துரையிடம், அதாவது தோட்ட நிர்வாகியிடம் கேட்கவேண்டும். காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை, பசு வளர்க்க இடம் இல்லை, சரிந்துவரும் மலையை விட்டு நகர இடம் இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை இறங்கி லயங்களை மூடியபோதும் மக்கள் அங்கேதான் இருந்தார்கள், போக வேறிடம் இல்லாததால். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுவதும் மறுபடியும் மண்ணுக்குள் ஆட்களைத் தேடியது.

காணி உங்கள் பொறுப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றோட்டம் உங்கள் பொறுப்பு. ஓடைத் தண்ணீரைப் பீலியில் பிடித்துக் குடிக்கும் லயங்களில், மேல் மலைக்கு அடித்த மருந்தும் மேல் லயத்துக் கழிவும் கலந்துதான் கீழே வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நகரத்துக் கடையின் சமையலறையைப் பூட்டும் அதிகாரம் உள்ளவர். தோட்டத்து நீர்த்தாங்கியைப் பரிசோதித்து, சுத்தம் செய் என்று நிர்வாகத்துக்கு உத்தரவு போட அவரை அனுப்பலாம் அல்லவா?

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். ரொட்டியோடு குடிக்கும் தேத்தண்ணி இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது என்று தாதிமார் சொல்லித்தான் தருகிறார்கள், வேறென்ன குடிப்பது? 2022இல், கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டம்பரில் 94.9 சதவீதம்வரை ஏறியபோது, ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தபோது, ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக் கொண்டுவந்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்தேன். கர்ப்பிணித் தாய்க்குக் கொடுத்த திரிபோஷ சத்துமா வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் வாய்க்கும் போகிறது. ஒரு தாய் மூன்று பிள்ளைகளின் கண் முன்னால் தனக்கு மட்டும் என்று உருட்டிச் சாப்பிடமாட்டாள். அவளைக் குறை சொல்லும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அளவைக் கூட்டிக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதும் உத்தியோகத்தரை நான் கண்டதில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் அறியாதவர் அல்ல. இருந்தும் ஒரு முறை சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துத் தொழிலாளியின் உடல்நலத்தைத் துரையின் பொறுப்பாக்கியது. கூலியாள் படுத்தால் உற்பத்தி படுக்கும் என்ற கணக்கில் வந்த சட்டம் அது. இலங்கையின் மற்ற மக்களுக்கு அரசு வைத்தியசாலை கட்டிக்கொண்டு வந்த காலம் முழுவதும் எங்களைத் துரையின் பொறுப்பிலேயே விட்டுவைத்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாத மக்களுக்கு ஆஸ்பத்திரி கேட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து நிற்க யார் இருந்தார்கள்? 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் மரணம் ஏறியதை வயதானவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்; அரிசியும் மாவும் இல்லாமல், வேலையும் குறைந்து, பிள்ளைகளோடு டவுனுக்கு இறங்கிக் கையேந்தியவர்கள் எங்கள் ஆட்கள். 1972க்கும் 75க்கும் இடையில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் கடைசியில் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மற்றவை இன்னும் கம்பனியிடமே இருக்கின்றன. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை எங்கள் மக்கள் நடந்து, மலையகத்துக்கு 200 வருடம் என்பதை நாட்டுக்கு நினைவூட்டினார்கள். வந்து 200 வருடமான பிறகும் எங்கள் டிஸ்பென்சரி தேயிலைக் கம்பனியின் ஒரு செலவுக் கணக்காகவே இருக்கிறது. தேயிலை விலை விழுந்தால் முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவு.

தோட்டத்து வைத்திய உதவியாளர்களை நான் பழிக்கவில்லை. நடு இரவில் கதவைத் தட்டினாலும் எழும்பி வருபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர் சம்பளம் வாங்குவது கம்பனியிடம். நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதிக்கொடுக்கவேண்டியதும் அதே கம்பனிக்கு. "ரெண்டு நாள் மலைக்குப் போகாதே" என்று எழுதும் கை எத்தனை தடவை தயங்கியிருக்கும்?

2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று, சேர் மைக்கல் மார்மட் தலைமையில், ஏழ்மையும் தாழ்த்தப்பட்ட நிலையும் மனிதரின் ஆயுளைக் குறைக்கின்றன, அதைச் சீர்செய்யாமல் வைத்தியத்தை மட்டும் கொடுப்பது போதாது என்று நிறுவிக்காட்டியது. உங்கள் அமைச்சின் கொள்கை ஆவணங்களிலும் சமத்துவம் என்ற சொல் வருகிறது. ஆகவே கொள்கையில் நமக்குள் சண்டை இல்லை. வேலைக்கு வருகிறேன்.

உங்கள் அமைச்சு யாரையும் கேட்காமல், ஒரு சுற்றறிக்கையிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தோட்டங்களைச் சுற்றியுள்ள ஆரம்ப வைத்தியசாலைகளில் நீரிழிவு, பிரஷர் கிளினிக்கையும், 35 வயது தாண்டியவர்களுக்கான பரிசோதனையையும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்திக்கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகும் நடத்துங்கள். மலைக்குப் போகாத நாளில் கிளினிக் இருந்தால் பாட்டிமார் வருவார்கள். வேலை செய்பவர்களுக்காக நேரத்தை மாற்றுவது பெரிய சலுகை அல்ல. வார நாளில் காலை எட்டு மணிக்கு நம்பர் எடு என்பது வேலையற்றவர்களுக்கோ மாதச் சம்பளக்காரர்களுக்கோ பொருந்தும் நேரம். உத்தியோகத்தர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். ஒரு பக்கவாத நோயாளியை வாட்டில் வைத்துப் பார்க்கும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கணக்காளரே சம்மதிப்பார். கூடவே, மாதத்தில் ஒரு கிளினிக் நாளைச் சம்பளத்தோடு கொடுக்கும்படி தொழில் அமைச்சோடு பேசி, சம்பளச் சபைக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் அட்டையில் முத்திரை இருந்தால் அன்றைக்குப் பேர் உண்டு என்று ஆகட்டும். வரவுக்காக அரசு கொடுக்கும் 200 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கிறது. கிளினிக்குக்கு வந்த நாளையும் வந்த நாளாகக் கணக்கெடுங்கள்.

மீதமுள்ள தோட்ட வைத்தியசாலைகளையும் டிஸ்பென்சரிகளையும் பொறுப்பேற்கத் திகதி குறியுங்கள். கொள்கையளவில் ஏற்றுக்கொண்டதாக எத்தனையோ அமைச்சர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது எந்த டிஸ்பென்சரி, எந்த மாதம், எந்த டொக்டர் என்ற அட்டவணை. பொறுப்பேற்கும்வரை, குளவிக்கொட்டுக்கு அட்ரினலினும், அதைப் போடப் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கவேண்டும் என்று நிர்வாகங்களுக்குக் கட்டாயமாக்குங்கள். மலையில் கழிவறையும் அப்படித்தான். நடமாடும் கழிவறை ஒன்றின் விலை எந்தக் கம்பனியையும் மூடிவிடாது.

மொழி விடயத்தில் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுபவர்கள். மருந்து உறையில் தமிழை அச்சடிக்கச் செலவு என்ன? மலையகத்துப் பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்துத் தாதியராக, குடும்பநல உத்தியோகத்தராக வரப் போதிய விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்டுக் கல்வி அமைச்சுக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதினால், எங்கள் அதிபர்கள் எழுதும் கடிதங்களுக்குக் கொஞ்சம் பலம் வரும்.

இன்னுமொன்று. உயரம், எடை, இரத்தச்சோகை, காசநோய், பக்கவாதம், குளவிக்கொட்டு ஆகியவற்றைத் தோட்டவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மாவட்டக் கணக்கில் எங்களை நகரத்தோடு கலந்துவிட்டால் நாங்கள் மறைந்துபோகிறோம். எந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் குட்டையாக இருக்கிறார்கள் என்பது கம்பனியின் பெயரோடு வெளியில் வரட்டும். அந்தத் தேயிலையை வாங்குபவர்களும் அதை வாசிக்கட்டும்.

இந்த மடலுக்கு எனக்குத் தனிப்பட்ட பதில் தேவையில்லை. அட்டவணை தயாரானதும் அதைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு தோட்டத்தின் பிரட்டுக்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியின் பெயர், பொறுப்பேற்கும் திகதி, ஞாயிறு கிளினிக் நேரம், தாமதமானால் அழைக்கவேண்டிய இலக்கம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். வாசித்துக்காட்ட நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்